அறுபத்தெட்டுக்குக் கீழே

"கோபமே வரலைன்னா அப்புறம் எதுக்குக் கதவை உடைச்சா?"

"கதவு பூட்டியிருந்தது சார். அதான்."

"பாருங்க, நான் கேக்கறது கதவைப் பத்தி இல்ல. கோபத்தைப் பத்தி."

"சரி சார், வந்ததுன்னே வெச்சுக்கங்க. உள்ள ஒரு சின்னப் பொண்ணு மாட்டிக்கிட்டிருந்தா."

"அந்தப் பொண்ணு எங்க ஃபைல்ல இல்லையே."

"ஃபைல்ல இல்லன்னா? மூணு நாள் ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்திருக்கா சார்."

"சம்பவ நேரத்துல அவளுக்கு ரீடிங் எடுக்கல. ரீடிங் இல்லாத ஆளை ஃபைல்ல சேர்க்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது," என்றார் இயக்குநர், மிகுந்த வருத்தத்தோடு. வருத்தப்பட்டாலும் அவருடைய நாடி ஏறவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்படி அவர் ஆள்காட்டி விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தது. கிளிப்பிலிருந்து புறப்பட்ட ஒயர், மேசை மேலிருந்த சின்னத் திரைக்குப் போயிற்று. திரையில் ஒரு வெள்ளைப் பூ முழுசாக விரிந்திருந்தது. இளையோர் சினத் தணிப்பு நிலையத்தில் எல்லா மேசைகளிலும் அந்தப் பூ உண்டு. கோபம் வந்தால் வாடும், தணிந்தால் விரியும். அரசு செலவில் வளர்வதால் தண்ணீர் வேண்டாம்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்கு நடுவில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ். பக்கத்தில் பதினேழு வயது மகள், பள்ளிச் சீருடையில். இந்த நிலையத்தின் சர்டிபிகேட் இல்லாமல் பள்ளிக்குள் விடமாட்டோம் என்று சொல்லி நான்கு நாளாகிறது. ஆனால் சீருடையில்தான் வரவேண்டும் என்று நிலையத்தின் நோட்டீஸில் எழுதியிருந்தது.

"எப்ப சார் சர்டிபிகேட் குடுப்பீங்க? அடுத்த மாசம் பரீட்சை."

"இருபத்தோரு நாள். தினம் அரை மணி நேரம் கிளிப் மாட்டுவோம். நாடி அறுபத்தெட்டுக்குக் கீழே, விரல்ல வேர்வை இல்லாம இருந்தா அன்னிக்குப் பச்சை. தொடர்ந்து இருபத்தோரு பச்சை வந்தா பூரண அமைதின்னு சர்டிபிகேட். நடுவுல ஒரு சிவப்பு வந்தா முதல்லேர்ந்து."

"பரீட்சைக்கு முப்பது நாள்தான் சார் இருக்கு."

"அந்த மாதிரி நினைப்பு வந்தாலே சிவப்புதான்," என்றார் இயக்குநர் கனிவாக.

மெக்கானிக் கருவி, அளவு என்றால் கொஞ்சம் காது கொடுக்கிற ஆள். அறுபத்தெட்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே பல மாதம் காத்திருந்தவர்போல இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிலையத்தோட துவக்க விழாவுல எடுத்தது. பதினேழு மூத்த அதிகாரிங்க. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், துறைச் செயலாளர் ரெண்டு மணி நேரம் உரையாற்றினார். அப்ப அத்தனை பேருக்கும் கிளிப் மாட்டி அளந்தோம். சராசரி ஐம்பத்தெட்டு. அப்படி ஒரு அமைதியை நான் என் வாழ்நாள்ல பார்த்ததில்ல. இளைஞர்கள்னு பத்து சலுகை குடுத்திருக்கோம்."

"தூங்கிட்டாங்களா சார்?"

"ஆழ்ந்த கவனத்துல இருந்தாங்க," என்றார் இயக்குநர். பூ ஓர் இதழ்கூட அசையவில்லை.

முதல் நாள் மகள் கிளிப்பை மாட்டிக்கொண்டாள். நாடி எழுபத்தாறு. பூ பாதிதான் விரிந்தது. நடந்ததைச் சொல்லு என்றாள் கருவி இயக்குகிற பெண். மகள் சொல்ல ஆரம்பித்தாள். 'ஸ்டோர் ரூம்' என்ற சொல்லுக்கே பூ தலையைத் தொங்கப்போட்டது. 'சாவி' என்றபோது காம்பே மடிந்து திரை சிவப்பாயிற்று.

"பாத்தியா? உன் கோபம் இன்னும் எவ்வளவு உயிரோட இருக்கு பாரு."

"நடந்ததைத்தானேக்கா சொன்னேன்?"

"நடந்ததை நடக்காத மாதிரி சொல்லணும்."

இரண்டாம் நாளும் சிவப்பு. மூன்றாம் நாளிலிருந்து சம்பவத்தைப் பற்றிப் பேசுவதே நிறுத்தப்பட்டது. வீட்டிலும் பேசக்கூடாது என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் வந்தது. தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் அன்றைக்கு ஸ்டோர் ரூம் வாசலில் என்னதான் நடந்தது என்பதை அந்த வீட்டில் யாரும் முழுசாகக் கேட்டதே இல்லை. உள்ளே ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டது தவிரத் தகப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளி அனுப்பிய சேதப் பட்டியல்தான்: கதவு ஒன்று, கீல் இரண்டு, பூட்டு ஒன்று, விளையாட்டு மாஸ்டரின் மன நிம்மதி. உடைக்கப் பயன்பட்டது குண்டு எறிதலுக்கான இரும்புக் குண்டு. குண்டுக்குச் சேதம் இல்லை.

"வாயைத் திறக்காதேன்னு கையெழுத்து வாங்கிட்டா கோபம் போயிடுமா?" என்றாள் மகளின் அம்மா. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை செய்கிறவள். கொதிக்கிற தண்ணீரோடு பழகி, குரலும் அப்படியே ஆகிவிட்டது.

"கொஞ்சம் சும்மா இரேன். நல்லபடியா முடியட்டும்."

"உங்களுக்கு எல்லாமே சும்மா இருந்தாத்தான் நல்லபடியா முடியும்."

குடும்ப அளவீடு என்று ஒன்று இருந்தது. கோபம் வீட்டிலிருந்துதான் வருகிறது என்பது நிலையத்தின் கொள்கை. அதனால் பெற்றோரில் ஒருவர் வாரம் ஒருமுறை பிள்ளையோடு சேர்ந்து கிளிப் மாட்டிக்கொள்ள வேண்டும். முதலில் அம்மாதான் போனாள். கிளிப்பை விரலருகே கொண்டுபோனதுமே பூ வாடிவிட்டது என்று பதிவேட்டில் இருக்கிறது. மாட்டிய பிறகு திரை அணைந்துபோயிற்று. 'பொருத்தமற்றவர்' என்று எழுதிக் கீழே கையெழுத்துக் கேட்டார்கள். அவள் போட்ட கையெழுத்தில் தாள் கிழிந்தது, அதையும் எழுதிக்கொண்டார்கள்.

தகப்பனுக்கு மாட்டினார்கள். அறுபது.

கருவிப் பெண் திரையைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் அறுபது. இயக்குநரே எழுந்து வந்தார். மற்ற அறைகளிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்து காட்டினார். பதினோராம் மாடியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத இருட்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தால் நாடி அப்படித்தான் ஆகும். படபடத்தால் கை வேர்க்கும். கை வேர்த்தால் கம்பி வழுக்கும். இதை அவர் விளக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

"இப்படிப்பட்ட தகப்பனுக்கு இப்படி ஒரு பொண்ணா!" என்றார் இயக்குநர்.

மெக்கானிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மகளுக்கு நான்கு பச்சை வந்தது. ஐந்தாம் பச்சைக்கு உட்கார்ந்தபோது, பக்கத்து நாற்காலிப் பையன் தும்மினான். தும்மலுக்கு அவன் பூ கசங்கிப்போய், 'ஆக்ரோஷம், வகை மூன்று, திடீர்' என்று திரை அறிவித்தது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். நாடி தொண்ணூற்றைத் தாண்டிற்று.

"நான் சிரிச்சேங்க்கா. கோபப்படல."

"கருவிக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா. துடிச்சா துடிச்சதுதான்."

முதலிலிருந்து. பரீட்சைக்கு இருபத்திமூன்று நாள் இருந்தது. இனி நாள்தோறும் பச்சை வந்தால் மட்டுமே, பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் சர்டிபிகேட் கைக்கு வரும்.

தும்மிய பையனை அங்கே எல்லோரும் சீனியர் என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவருடைய சைக்கிளை எட்டி உதைத்ததற்காக வந்தவன். சர்டிபிகேட் வருவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. அதற்குக் கோபப்பட்டான். பரீட்சை போன கோபத்துக்காகப் புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள். மறு வருஷமும் அதேதான்.

"இப்ப அந்த சைக்கிள்காரரே என்னைப் பாக்க வந்துட்டுப் போறாரு," என்றான் மெக்கானிக்கின் மகளிடம். "விட்டுருங்க சார், சைக்கிள் நல்லாத்தான் ஓடுதுன்னு இவங்ககிட்ட சொன்னாரு. அவருக்கும் கிளிப் மாட்டிட்டாங்க."

மகள் சிரிக்கவில்லை. அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் மாறிப்போனாள். தம்பி அவளுடைய கணக்கு நோட்டில் தண்ணீரைக் கொட்டினான். ஒரு மாதம் முன்பென்றால் அந்தத் தெருவே கேட்டிருக்கும். இப்போது அவள் ஒரு துணியை எடுத்து வந்து, பக்கம் பக்கமாக ஒற்றி எடுத்து, ஜன்னலோரம் காயவைத்தாள். தம்பி அழுதான். அக்கா தன்னைத் திட்டவில்லை என்பதற்காகத்தான் அழுதான். இரவுச் செய்தியில் எங்கோ ஒரு கட்டடம் இடிந்து விழுந்ததைக் காட்டியபோது, இடதுகை விரல்களால் வலதுகை மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவளுக்கு உயிர் இருக்கான்னு பாருங்க," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

"பன்னண்டு பச்சை வந்தாச்சு. கண்ணு வைக்காதே."

"பொண்ணைப் பெத்தேனா, பூந்தொட்டியைப் பெத்தேனான்னு தெரியல."

மெக்கானிக் காலண்டரில் அன்றைய தேதியை அடித்தார். பதின்மூன்று வந்தது. பதினான்கு வந்தது. தினமும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்பார்: "என்ன கலரும்மா?" அவள் "பச்சைப்பா" என்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. முன்பெல்லாம் அவள் பள்ளியில் நடந்ததை நடித்துக் காட்டுவாள். விளையாட்டு மாஸ்டர் விசில் ஊதும்போது கன்னம் எப்படி உப்பும் என்பதை அவள் செய்து காட்டி, அம்மா சிரித்துப் புரையேறியிருக்கிறாள். எல்லாம் பரீட்சை முடிந்ததும் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பதினேழாம் நாள் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. புதிய அமைதிப் பயிற்றுநர் பொறுப்பேற்கிறார், பெற்றோர் எல்லோரும் வரவேண்டும் என்று. மேடையில் நின்றிருந்தது விளையாட்டு மாஸ்டர்.

மெக்கானிக் ஆளைத் தப்பாகப் பார்க்கிறோமோ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டார். அதே ஆள்தான். கழுத்தில் விசில் இருந்த இடத்தில் இப்போது அடையாள அட்டை.

இயக்குநர் பேசினார். "இவர் மேல ஒரு புகார் வந்தது. பிள்ளைகளைப் பூட்டி வைக்கிறார்னு. நாங்க யாரையும் சும்மா விடறதில்ல. விசாரணை வெச்சோம், கிளிப் மாட்டினோம். அன்னிக்கு நடந்ததை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் இவர் சொன்னார். ஒரு பிள்ளை கதவைத் தட்டினதைச் சொன்னார். அதை ஆம்புலன்ஸ்ல ஏத்தினதைச் சொன்னார். எவ்வளவு ரீடிங் தெரியுமா? அறுபத்தொண்ணு! ஆரம்பத்துலயும் அறுபத்தொண்ணு, முடிவுலயும் அறுபத்தொண்ணு! நாங்க கண்கலங்கிட்டோம். இந்த மனுஷன் மேல புகார் குடுத்த பெற்றோருக்கு எவ்வளவு தெரியுமா? நூத்திப்பத்து! யார் பக்கம் தப்புன்னு கருவி காட்டிக் குடுத்துருச்சு. நான் சொல்லவே வேண்டாம்."

கைதட்டல் எழுந்தது. கைதட்டினால் நாடி ஏறும் என்பதால் ஒரு விரலால் இன்னொரு விரலைத் தட்டுகிற முறை அங்கே வழக்கத்தில் இருந்தது. கூடம் முழுவதும் எலி கொறிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

மாஸ்டர் அடக்கமாகச் சொன்னார்: "நான் பெருசா ஒண்ணும் செய்யல. பிள்ளைகளை நினைச்சு நான் பதட்டப்படறதில்ல. அவ்வளவுதான்."

கூட்டம் முடிந்ததும் மெக்கானிக் இயக்குநரை வழிமறித்தார். "சார், என் பொண்ணு இருக்கிற இடத்துல இந்த ஆள் எப்படி சார்?"

"அதைத்தான் நானே சொல்ல வந்தேன். அவளோட இருபத்தோராவது நாள் பரீட்சையை இவரே நடத்தப் போறார். யார் மேல கோபமோ அவர் வாயாலயே சம்பவத்தைக் கேக்கணும். அஞ்சு நிமிஷம். அப்பவும் பூ விரிஞ்சிருந்தா, அது நிஜமான அமைதி. நீங்களும் பக்கத்துல உட்காருவீங்க, இரட்டைப் பூ. ஒரு காம்புல ரெண்டு. எது வாடினாலும் சிவப்புதான். உங்களைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. நீங்க எங்க சொத்து மாதிரி."

வெளியே வரும்போது மகள் கேட்டாள்: "பயமா இருக்காப்பா?"

"எனக்கென்ன பயம்? நீதான் பாத்துக்கணும். அவன் என்ன வேணா சொல்லட்டும், காதுல வாங்காதே. ஒரு காதுல விட்டு அப்படியே..." சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டு நடப்பதைப் பார்த்து நிறுத்தினார்.

இருபத்தோராம் நாள் வந்தது. நாளை மறுநாள் பரீட்சை. அறையில் மூன்று நாற்காலி, ஒரு பெரிய திரை. ஒரு நாற்காலியில் மகள். பக்கத்தில் தகப்பன், சலவைச் சட்டையில். அம்மாவைக் கட்டடத்துக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார்கள். கருவிக்கு அந்தத் தூரம் பாதுகாப்பானதாம். இயக்குநர் சுவரோரம், கையில் சர்டிபிகேட்டோடு. எல்லாம் எழுதி முத்திரையும் குத்தியாயிற்று. கீழே ஒரு கையெழுத்துத்தான் பாக்கி.

திரையில் ஒரு காம்பில் இரண்டு பூ விரிந்தது. மகள் அறுபத்தாறு. தகப்பன் அறுபது. சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிஷத்துக்கு வைத்தார்கள்.

மாஸ்டர் எதிரே உட்கார்ந்து, காலைக் கால்மேல் போட்டுக்கொண்டு, வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"அன்னிக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு மூணு நிமிஷம் லேட்டா வந்தது. ஸ்டோர் ரூம்ல விட்டுப் பூட்டினேன். தப்பை யோசிக்கட்டும்னு. அதோட பையை வெளியே வைக்கச் சொன்னேன். சாவி என் பாக்கெட்ல. நான் மைதானத்துல மேட்ச் நடத்திட்டிருந்தேன்."

மகளின் பூ அசையவில்லை. கண் மாஸ்டருடைய சட்டையின் இரண்டாவது பட்டனில் இருந்தது. மெக்கானிக் அவளை ஓரக்கண்ணால் பார்த்து, சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"கொஞ்ச நேரத்துல இந்தப் பொண்ணு ஓடி வந்தா. சார், அவளுக்கு மூச்சிழுப்பு இருக்கு, மருந்து பையில இருக்கு, கதவைப் படபடன்னு தட்டிக்கிட்டே இருக்கான்னா. மேட்ச் முடியட்டும்னேன். போனா. மறுபடி வந்தா. இப்ப மெதுவாத் தட்டறா சார்னா. நல்லது, யோசிக்க ஆரம்பிச்சுட்டான்னேன்."

மெக்கானிக் நாற்காலியில் சற்று நகர்ந்தார்.

அவருக்கு அந்தத் தட்டல் தெரியும். யாருக்கும் இதுவரை சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயமாகவும் தோன்றியதில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் முஷ்டியால் இடிப்பார்கள். கூடவே கத்துவார்கள், திட்டுவார்கள். அதுவரை கவலையில்லை, நிதானமாக மேலே ஏறலாம், கருவிப் பெட்டியைத் திறக்கலாம். பிறகு உள்ளங்கையால் தட்டுவார்கள். அப்போது கையை வேகப்படுத்த வேண்டும். பிறகு விரல் நுனியால், யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்பதுபோல. அதற்கும் பிறகு ஒன்றும் கேட்காது. இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டே முறை அந்த ஒன்றும் கேட்காததை அவர் கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் பெட்டி, விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். கடப்பாறையால் கதவைப் பெயர்த்திருக்கிறார். அதற்காக யாரும் அவருக்குக் கிளிப் மாட்டவில்லை. ஒரு முறை மாலைகூடப் போட்டார்கள்.

"மூணாவது தடவை வந்தா," என்றார் மாஸ்டர். "சார், இப்ப தட்டறதே இல்ல சார்னா. பாத்தியா, அமைதியாயிட்டான்னேன்."

மெக்கானிக் மாஸ்டருடைய முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவனுடைய முகம். மாஸ்டர் விரலிலும் ஒரு கிளிப் இருந்தது. பக்கத்துச் சின்னத் திரையில் அவர் பூ விரிந்தேயிருந்தது.

மூன்று முறை ஓடியிருக்கிறாள். மைதானத்தின் குறுக்கே மூன்று முறை போய், மூன்று முறை திரும்பி. பிறகு தானாக ஓர் இரும்புக் குண்டைத் தூக்கியிருக்கிறாள். அதைக் கேட்க வேண்டிய ஆள், என்ன கலர் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பெரிய திரையில் தகப்பனுடைய பூவின் ஓர் இதழ் நுனி சுருண்டது. அறுபத்தைந்து.

"என்ன இது?" என்றார் இயக்குநர். கருவிப் பெண் ஒயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்புறம் இந்தப் பொண்ணு கதவை உடைச்சிருச்சு," என்றார் மாஸ்டர். "நல்ல தேக்குக் கதவு. மேட்ச் பாதில நின்னு போச்சு."

அறுபத்தேழு.

"சார், உங்களுக்கு என்ன ஆச்சு?" இயக்குநர் இரண்டடி முன்னால் வந்தார். "நீங்க அறுபதாச்சே! இன்னும் ஒன்றரை நிமிஷம்தான் பாக்கி. அறுபத்தெட்டைத் தொட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது. உங்களால பொண்ணோட ஒரு வருஷம் போயிடும், பாத்துக்கங்க. அமைதியா இருங்க!"

மெக்கானிக் நாற்காலிக் கையைப் பிடித்திருந்தார். உள்ளங்கை வழுக்கியது. அவர் எழுந்திருக்கவில்லை, எழுந்துவிடுவோம் என்று அவருக்கே தெரிந்தது. வாய்க்குள் ஒரு சொல் வந்து பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. மாஸ்டர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, பரிவோடு அவரைப் பார்த்தார்.

மகள் திரும்பினாள். இருபத்தோரு நாளில் முதல் முறையாக அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்திருந்தது. அவளுடைய பூ மட்டும் அப்படியே இருந்தது. கிளிப் மாட்டாத கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். உதடு அசையாமல், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அப்பா. அந்த ஆளைப் பாக்காதீங்கப்பா, என்னைப் பாருங்க. மூச்சை இழுத்து மெதுவா விடுங்க. ஒரே ஒரு நிமிஷம்ப்பா. எனக்காகப்பா."